அன்றாட வாழ்விலிருந்து ஆன்மிகப் பாடம் காணுதல் (கிறித்தவம்)

அன்றாட வாழ்விலிருந்து ஆன்மிகப் பாடம் காணுதல் என்பது, வீட்டிலும் வயலிலும் தெருவிலும் கண்ணில் படும் சாதாரணப் பொருள்களையும் நிகழ்வுகளையும் கூர்ந்து நோக்கி, அவற்றின் வழியாகக் கடவுளைப் பற்றியும் மனித வாழ்வைப் பற்றியும் சிந்திக்கும் கிறித்தவத் தியான மரபு ஆகும். இதன் வேர்கள் எபிரேய ஞான இலக்கியத்திலும் இறைவாக்கினர் நூல்களிலும் உள்ளன. இயேசுவின் உவமைகளில் இது முழு வடிவம் பெற்றது. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. இன்றைய மறையுரைகளிலும் ஞாயிறு பள்ளி வகுப்புகளிலும் தினத் தியான நூல்களிலும் இம்மரபு தொடர்கிறது.

எளிமையாகத் தோன்றினாலும் இம்முறைக்குத் தனக்கே உரிய இடர்களும் உண்டு. எந்தப் பொருளிலிருந்தும் எந்தப் பாடத்தையும் வருவித்துவிட முடியும் என்பது ஒன்று. பிறருடைய துன்பத்தைப் பாடமாக்கிவிடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் பற்றி விவிலியமும் பிற்காலச் சிந்தனையாளர்களும் எச்சரித்துள்ளனர்.

விவிலியப் பின்னணி

இம்முறையின் மிகத் தெளிவான பழைய எடுத்துக்காட்டு நீதிமொழிகள் நூலில் உள்ளது (24:30-34). ஒருவர் சோம்பேறி ஒருவனின் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் கடந்து செல்கிறார். எங்கும் முள் முளைத்திருக்கிறது. கற்சுவர் இடிந்து கிடக்கிறது. அவர் அதைப் பார்க்கிறார், மனத்தில் எண்ணிப் பார்க்கிறார், அதிலிருந்து அறிவு பெறுகிறார். பார்த்தல், சிந்தித்தல், ஏற்றல் என்ற மூன்று படிகளும் இச்சிறு பகுதியில் வரிசையாக அமைந்துள்ளன. அதே நூல் சோம்பேறியை எறும்பிடம் சென்று கற்றுக்கொள்ளச் சொல்கிறது (6:6-8).

இறைவாக்கினர்களிடம் இது வேறு வடிவம் எடுக்கிறது. எரேமியா குயவன் வீட்டுக்குச் செல்கிறார் (எரேமியா 18). சக்கரத்தில் வனைந்த மண்கலம் கெட்டுப்போகிறது. குயவன் அந்த மண்ணைத் தூக்கி எறியாமல், அதையே வேறொரு கலமாக வனைகிறான். தன் மக்களைக் கடவுள் எவ்வாறு நடத்துகிறார் என்பதை எரேமியா அங்கே புரிந்துகொள்கிறார். ஆமோஸ் ஒரு தூக்குநூலையும், கனிந்த பழங்கள் நிறைந்த கூடையையும் காண்கிறார் (ஆமோஸ் 7, 8). எபிரேய மொழியில் கோடைக்காலப் பழத்தைக் குறிக்கும் சொல்லும் முடிவைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் நெருங்கியவை. பழக்கூடை, நாட்டின் முடிவைச் சொல்லும் அடையாளமாவது இந்த ஒலி ஒற்றுமையால்தான்.

இயேசுவின் உவமைகள்

நற்செய்தி நூல்களில் இயேசு பயன்படுத்தும் உவமைகளில் பெரும்பாலானவை கலிலேய மக்களின் அன்றாட வாழ்விலிருந்து வந்தவை. விதைப்பு, அறுவடை, மீன்வலை, விளக்கு, உப்பு, கிழிந்த ஆடைக்கு ஒட்டுப்போடுதல், கூலிக்கு ஆள் பிடித்தல், கடன், திருமண விருந்து ஆகியவை அவற்றுள் சில. கேட்டவர்களுள் உழவர்களும் மீனவர்களும் இருந்தனர். மண் ஆழமில்லாத பாறை நிலத்தில் பயிர் சீக்கிரம் முளைத்துச் சீக்கிரம் காய்ந்துபோகும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டு வேலைகளும் இவ்வுவமைகளில் இடம்பெறுகின்றன. பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள் (லூக்கா 15:8-10). மற்றொரு பெண் மூன்று மரக்கால் மாவில் புளிப்பு மாவைப் பிசைந்து வைக்கிறாள் (மத்தேயு 13:33). அக்காலப் புளிப்பு மாவு இன்று கடையில் வாங்கும் ஈஸ்ட் போன்றதன்று. முந்தைய மாவிலிருந்து எடுத்து வைத்த ஒரு சிறு உருண்டையே அது. பழைய மாவில் ஒரு கரண்டி சேர்த்துப் புது தோசைமாவைப் புளிக்க வைக்கும் வீடுகளுக்கு இந்த உவமை உடனே விளங்கும். மூன்று மரக்கால் என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் தேவைக்கு மிக மிக அதிகமான அளவு. சிறியது பெரியதை மாற்றுகிறது என்ற கருத்துடன், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் அந்த மாற்றம் பலருக்குப் போதுமான உணவாகிறது என்ற கருத்தும் அந்த அளவில் அடங்கியுள்ளது.

இயேசு கற்பனைக் கதைகளை மட்டும் சொல்லவில்லை. கண்முன் நடந்தவற்றையும் சுட்டிக்காட்டினார். எருசலேம் கோவிலின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, ஏழைக் கைம்பெண் ஒருவர் இரண்டு சிறு காசுகளைப் போடுவதைக் கண்டு சீடர்களை அழைத்துக் காட்டினார் (மாற்கு 12:41-44). மேற்கே மேகம் எழுந்தால் மழை என்றும், தெற்கிலிருந்து காற்று அடித்தால் வெப்பம் என்றும் சொல்லத் தெரிந்த மக்கள், தாம் வாழும் காலத்தை அறியாதிருப்பதைக் கடிந்துகொண்டார் (லூக்கா 12:54-56). அன்றாட வாழ்வைக் கவனிக்கும் திறன் எல்லாரிடமும் உள்ளது, அதை உரிய திசையில் திருப்புவதே வேண்டுவது என்பது இதன் உட்பொருள்.

இறையியல் அடிப்படை

இம்மரபுக்குக் கிறித்தவ இறையியல் மூன்று அடிப்படைகளை வழங்குகிறது.

முதலாவது படைப்பு. உலகம் கடவுளால் படைக்கப்பட்டது என்பதால், படைப்பு படைத்தவரைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லும் என்று கிறித்தவம் நம்புகிறது. திருப்பாடல் 19-இலும் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்திலும் (1:20) இக்கருத்து உள்ளது. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித விக்டரின் ஹியூ, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பொனவெந்தூர் ஆகியோர் உலகைக் கடவுள் எழுதிய ஒரு நூலாகக் கண்டனர்.

இரண்டாவது மனித அவதாரம். கடவுள் மனிதரானார் என்பது கிறித்தவத்தின் மைய நம்பிக்கை. இயேசு தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நாசரேத்தில் தச்சராகக் கழித்தார். ஆகவே உழைப்பும் உணவும் உறவும் ஆன்மிகத்துக்குப் புறம்பானவை அல்ல என்ற முடிவுக்குக் கிறித்தவச் சிந்தனையாளர்கள் வந்தனர்.

மூன்றாவது திருவருட்சாதனங்கள். தண்ணீர், அப்பம், திராட்சை இரசம், எண்ணெய் ஆகிய வீட்டுப் பொருள்களே கிறித்தவ வழிபாட்டின் மையத்தில் உள்ளன.

வரலாறு

சந்தர்ப்பத் தியானம்

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இம்மரபு தனி இலக்கிய வகையாக மலர்ந்தது. ஆங்கிலிக்க ஆயர் ஜோசப் ஹால் (1574–1656), திட்டமிட்டு அமர்ந்து செய்யும் தியானத்தையும், எதிர்பாராமல் கண்ணில் படுவதைக் கொண்டு செய்யும் சந்தர்ப்பத் தியானத்தையும் வேறுபடுத்தினார். அவருடைய சந்தர்ப்பத் தியானங்களின் தொகுப்பு 1630-இல் வெளிவந்தது. சன்னலில் வலை பின்னும் சிலந்தி, சூரியக் கடிகாரம், சேவலின் கூவல், ஒரு பெரிய நூலகம் போன்றவை அதன் பொருள்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டார்ட்மத் துறைமுக நகரில் பணியாற்றிய ஜான் ஃபிளேவல், கடலோடிகளுக்காகக் கப்பல் தொழிலை ஆன்மிக நோக்கில் விளக்கி ஒரு நூல் எழுதினார். உழவுத் தொழிலை அவ்வாறே விளக்கும் அவருடைய நூல் 1669-இல் வெளியானது. உழுதல், எருவிடுதல், விதைத்தல், களையெடுத்தல் எனத் தொழிலின் ஒவ்வொரு படியையும் எடுத்துக்கொண்டு, அதை உள்ளத்தின் நிலையோடு அவர் பொருத்திக் காட்டினார்.

'பாயில் விதி' மூலம் அறிவியல் மாணவர்கள் அறிந்த இராபர்ட் பாயில் (1627–1691) இம்முறையில் எழுதிய சிந்தனைகள் 1665-இல் நூலாயின. ஆய்வுக்கூடத்தில் காற்றின் அழுத்தத்தை அளந்தவரே அன்றாட நிகழ்வுகளை வைத்துத் தியானமும் எழுதினார். உற்றுநோக்கல் இரண்டுக்கும் பொதுவான பயிற்சியாக அமைந்தது.

ஜான் பனியன்

பாத்திரங்களுக்கு ஈயம் பூசிச் செப்பனிடும் தொழில் செய்த ஜான் பனியன் (1628–1688), அரசு அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் ஏறத்தாழ 12 ஆண்டுகள் இருந்தார். 1678-இல் வெளிவந்த அவருடைய 'மோட்சப் பயணம்' நூலில் ஒரு வீட்டுக் காட்சி வருகிறது. நெடுநாள் பெருக்காத அறையை ஒருவன் பெருக்குகிறான். புழுதி எழுந்து மூச்சை அடைக்கிறது. பிறகு ஒரு பெண் தண்ணீர் தெளிக்கிறாள். அதன்பின் அறை எளிதில் தூய்மையாகிறது. சட்டம் பாவத்தைக் கிளறிக் காட்டும், ஆனால் அகற்றாது. நற்செய்தியின் அருளே அதை அடக்கி அகற்றும் என்பது பனியனின் விளக்கம். கடினமான ஓர் இறையியல் கருத்தை, தண்ணீர் தெளித்துப் பெருக்கும் எந்த வீட்டாருக்கும் விளங்கும்படி அவர் சொல்லிவிட்டார். மெழுகுவத்தி, தேனீ, நத்தை போன்றவற்றை வைத்துச் சிறுவர்களுக்கான கவிதை நூல் ஒன்றையும் 1686-இல் வெளியிட்டார்.

சகோதரர் லாரன்ஸ்

பிரான்சில் சகோதரர் லாரன்ஸ் (இறப்பு 1691) இம்மரபை மற்றொரு திசையில் கொண்டுசென்றார். இயற்பெயர் நிக்கோலா ஹெர்மான். போர்வீரராக இருந்தவர். பதினெட்டு வயதில், பனிக்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டார். சில வாரங்களில் அது மீண்டும் தளிர்த்துப் பூத்துக் காய்க்கும் என்ற எண்ணமே அவருடைய மனமாற்றத்துக்குக் காரணமாயிற்று. பின்னர் பாரிசில் கார்மேல் சபையின் துறவு மடத்தில் சேர்ந்து பல ஆண்டுகள் சமையலறையில் உழைத்தார். அந்த வேலை இயல்பில் அவருக்குப் பிடிக்காதது. ஆயினும் கோவிலில் மண்டியிடும் நேரத்தையும் சமையலறையின் இரைச்சலையும் அவர் வேறுபடுத்தவில்லை. ஒவ்வொரு பொருளிலும் ஒரு பாடத்தைத் தேடுவதை விட, செய்யும் வேலைக்குள்ளேயே கடவுளின் உடனிருப்பை உணர்வதே அவர் காட்டிய வழி. அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் அவர் இறந்தபின் தொகுக்கப்பட்டன.

இந்தியாவில்

பஞ்சாபில் பிறந்து, காவி உடையில் ஊர் ஊராகச் சென்று போதித்த சாது சுந்தர் சிங் (பிறப்பு 1889) உவமைகளால் பெயர் பெற்றவர். நெடுங்காலம் ஆற்றுநீரில் கிடந்த கல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஈரமே இருக்காது என்பது அவர் சொன்ன புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பல நூற்றாண்டுகளாகக் கிறித்தவச் சூழலிலேயே இருந்தும் உள்ளம் நனையாத மேலைநாட்டு மக்களைக் குறித்து அவர் அதைச் சொன்னார். 1929-இல் திபெத் நோக்கிப் புறப்பட்ட அவர் திரும்பவில்லை.

தமிழில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நாட்டுப்புற வடிவங்களையும் தொழிற்பாடல்களையும் கிறித்தவப் பொருளுக்குப் பயன்படுத்தினார். கும்மி 'ஞானக் கும்மி' ஆயிற்று. ஏற்றம் இறைப்போர் பாடும் பாட்டு 'ஞான ஏற்றப்பாட்டு' ஆயிற்று. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) பனியனின் நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை இயற்றினார். அது 1894-இல் வெளிவந்தது.

பாடம் உருவாகும் முறை

நீதிமொழிகள் காட்டும் மூன்று படிகளையே இம்மரபினர் பெரும்பாலும் பின்பற்றினர்.

பார்த்தல்: பொருளை அதன் இயல்பில் அறிதல். குயவனின் கை மண்ணில் என்ன செய்கிறது என்று தெரியாதவருக்கு எரேமியாவின் பாடம் கிடைத்திருக்காது. பாடத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற பொருளைத் தேடுவோர் இப்படியைத் தாண்டிவிடுகின்றனர்.

சிந்தித்தல்: பொருளுக்கும் வாழ்வுக்கும் உள்ள ஒப்புமையை மட்டுமன்றி, ஒப்புமை எங்கே முடிகிறது என்பதையும் காணுதல். கைப்பேசிக்கு மின்னேற்றம் தேவைப்படுவது போல ஆன்மாவுக்குச் செபம் தேவை என்பது இன்றைய மறையுரைகளில் அடிக்கடி வரும் எடுத்துக்காட்டு. தொடர்ந்து பெறாமல் தொடர்ந்து கொடுக்க முடியாது என்ற அளவில் அது பொருந்தும். ஆனால் மின்னேற்றியோடு யாரும் உறவு கொள்வதில்லை. வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுகிறோம். செபத்தைக் கடவுளோடு கொள்ளும் உறவாகக் காணும் கிறித்தவ நம்பிக்கைக்கு இந்த ஒப்புமை அதற்குமேல் உதவாது.

ஏற்றல்: பாடத்தைத் தன் வாழ்வில் செயல்படுத்துதல். நீதிமொழிகள் காட்டும் மனிதர் சோம்பேறியின் வயலைப் பார்த்து அவனைத் திருத்தப் போகவில்லை. தாம் கற்றுக்கொண்டார்.

எல்லைகளும் திறனாய்வும்

துடைப்பக்கட்டைத் தியானம்

இம்முறையைப் பற்றிய மிகக் கூர்மையான விமர்சனம் நகைச்சுவை வடிவில் வந்தது. 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட், பெர்க்லி பிரபுவின் வீட்டில் குருவாக இருந்தபோது, பிரபுவின் மனைவிக்குப் பாயிலின் சிந்தனைகளை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அதில் சலித்துப்போன அவர், துடைப்பக்கட்டையை வைத்துத் தாமே ஒரு தியானம் எழுதி, பாயிலின் நூலுக்குள் செருகி வைத்து வாசித்தார் என்றும், அம்மையார் அதை உண்மையாகவே பாயிலின் எழுத்து என நம்பிப் பாராட்டினார் என்றும் கூறப்படுகிறது. 1710-இல் அச்சான அந்தச் சிறு கட்டுரையில் மனிதன் தலைகீழாக நிற்கும் துடைப்பக்கட்டை ஆகிறான். கேலிக்குரியதும் உண்மையானதும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கக்கூடும் என்பதை ஸ்விஃப்ட் காட்டினார்.

ஒரே பொருள், இருவேறு பாடங்கள்

பொருள் தானாக எந்தப் பாடத்தையும் தாங்கி நிற்பதில்லை. புளிப்பு மாவு ஓரிடத்தில் இறையாட்சியின் வளர்ச்சியைக் குறிக்கிறது. மற்றோரிடத்தில் பரிசேயரின் போலித்தனத்தைக் குறிக்கிறது (லூக்கா 12:1). சிங்கம் ஓரிடத்தில் கிறித்து; மற்றோரிடத்தில் அலகை. அகுஸ்தீன் தம் விவிலிய விளக்க நூலில் இவற்றையே எடுத்துக்காட்டி, சூழலைக் கொண்டே பொருள் கொள்ள வேண்டும் என்றார்.

அதே அகுஸ்தீன் நல்ல சமாரியர் உவமைக்கு எழுதிய விளக்கத்தில் அடிபட்டவர் ஆதாம், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரர் பவுல் என ஒவ்வொன்றுக்கும் மறைபொருள் கண்டார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் யூலிச்சர் இத்தகைய உருவக விளக்கங்களைக் கடுமையாக மறுத்து, உவமைக்கு ஒரு மையக் கருத்தே உண்டு என்று வாதிட்டார். அவருடைய கருத்தும் மிகையானது எனப் பிற்கால அறிஞர் பலர் கருதினாலும், ஒவ்வொரு சிறு கூறுக்கும் பொருள் தேடும் பழக்கம் அதன்பின் குறைந்தது.

பாடம் யாருக்கு?

ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை, தாராளமாகக் கொடுப்பதற்கான எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் போதிக்கப்படுகிறது. ஆனால் மாற்கு நற்செய்தியில் அதற்குச் சற்று முன்புதான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டிக்கிறார். அதற்குச் சற்றுப் பின்பு, அந்தக் கோவிலே இடிபடும் என்கிறார். எனவே அக்காட்சி அவருடைய ஈகையைப் போற்றுவதோடு, அவரிடம் இருந்த கடைசிக் காசையும் பெற்றுக்கொண்ட அமைப்பைக் கேள்விக்கு உள்ளாக்குவதாகவும் விளக்குவோர் உள்ளனர். ஏழைகளிடம் கொடுக்கச் சொல்லும் பாடமாக மட்டும் அதைச் சுருக்கினால், பெறும் இடத்தில் இருப்பவர்கள் தப்பிவிடுகின்றனர்.

துன்பத்தைப் பாடமாக்குதல்

விபத்தும் நோயும் இறப்பும் கூட அன்றாட வாழ்வின் பகுதிகளே. அவற்றிலிருந்து பாடம் காணும் ஆவல் மிக இயல்பானது. மிக ஆபத்தானதும் அதுவே. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களை விடப் பெரிய பாவிகள் என்ற முடிவை இயேசு மறுத்தார். கேட்டவர்கள் தங்கள் வாழ்வையே ஆராய்ந்து மனம் மாற வேண்டும் என்றார் (லூக்கா 13:4-5). பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவரும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்று மறுத்துவிட்டு, அவருக்குப் பார்வை அளித்தார் (யோவான் 9).

யோபு நூல் இதை இன்னும் விரிவாகச் சொல்கிறது. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தனர். பிறகு அவருடைய துன்பத்துக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினர். அவர்கள் சொன்னவற்றுள் பல, தனித்து நோக்கினால் பக்தியான கருத்துகளே. ஆனாலும் இறுதியில் கடவுள் அவர்களைக் கண்டித்தார்.

நல்ல பாடத்தின் அடையாளங்கள்

மேற்கண்டவற்றிலிருந்து, அன்றாட வாழ்விலிருந்து பெறும் ஒரு பாடத்தைச் சோதித்துப் பார்க்கச் சில கேள்விகள் கிடைக்கின்றன. பொருளைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையா? ஒப்புமையை எடுத்துவிட்டாலும் அந்தக் கருத்து விவிலியத்தின் மைய போதனையோடு நிற்குமா? பாடம் முதலில் சொல்பவரைத் தொடுகிறதா, அல்லது பிறரை நோக்கி மட்டும் விரல் நீட்டுகிறதா? துன்பப்படும் ஒருவர் அருகில் அமர்ந்து கேட்டாலும் அதே பாடத்தைச் சொல்ல முடியுமா?

இக்கேள்விகளுக்கு நிற்கும் பாடங்கள் நெடுநாள் நிலைக்கின்றன. எளிய பொருளோடு கட்டப்பட்டிருப்பதால், அப்பொருளைக் காணும்போதெல்லாம் அவை நினைவுக்கு வருகின்றன. புளிப்பு மாவின் உவமையைக் கேட்டவர்கள் மறுநாள் காலையிலும் மாவு பிசைந்திருப்பார்கள். நூல் வைத்திருக்காத, எழுதப் படிக்க அறியாத மக்களுக்கு அந்த வேலையே போதனையை மீண்டும் நினைவூட்டியது. உவமைகள் எழுத்தில் இடம்பெறும் முன்பே வாய்மொழியாக நிலைத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.